உள்ளே ஷெரின்

கதவு சாத்தியாகிவிட்டது. கோர்ட்டு டவாலி அண்ணன் இழுத்துச் சாத்தியபோது பெரிதாகச் சத்தம் ஒன்றும் வரவில்லை, டக்கென்று ஒரு தடவை, அவ்வளவுதான், ஷெரின் உள்ளே, நான் வெளியே. மணி பதினொன்று இருபது. பத்து நிமிஷத்தில் முடியலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம் என்று சொல்லிவிட்டு வக்கீல் மேடம் வேறொரு கேஸுக்காக மாடிக்குப் போய்விட்டார். போன வாய்தாவிலேயே ஜட்ஜ் அம்மா சொன்னதுதான், பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும், அம்மா வேண்டாம், அப்பா வேண்டாம், வக்கீல்களும் வேண்டாம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு யாரோடு இருக்க விருப்பம் என்று சொல்லத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்று. அப்போது தலையாட்டினேன். இந்த இரண்டு வருஷமும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதானே இருக்கிறேன். இப்போது இந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழுப்புக் கதவு. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆட்கள் கைவைத்துக் கைவைத்துப் பெயிண்ட் தேய்ந்துபோன இடம் உள்ளங்கை அளவுக்கு வெளுத்திருக்கிறது. ஷெரின் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டபோது நாலு தடவை திரும்பினாள், நான் எண்ணினேன். இன்றைக்கு ஒரு தடவைகூட இல்லை. அது நல்லதா கெட்டதா. தைரியமாகப் போகிறாள் என்று எடுத்துக்கொள்வதா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறாள் என்று எடுத்துக்கொள்வதா. அவள் முகத்தை நானும் பார்க்கவில்லை, ரெட்டைச் சடையை மட்டும்தான் பார்த்தேன், இடதுபக்கம் கொஞ்சம் தூக்கலாகப் பின்னிவிட்டிருக்கிறேன், காலையில் என் கை நடுங்கியதில் வந்த வினை. ஒரு சடையை ஒழுங்காகப் பின்னத் தெரியாதவள் என்று ஜட்ஜ் அம்மா நினைப்பாரோ. நினைக்கட்டும். அது போதும் என்றால் அதை மட்டும் நினைத்துவிட்டு விடட்டும். சடையைப் பற்றிக் கேட்கட்டும், படிப்பைப் பற்றிக் கேட்கட்டும், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கட்டும். அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். கேட்க மாட்டார், அவருக்கு எப்படித் தெரியும். ஆனால் தெரியாதவர்கள்தான் சரியான இடத்தில் கை வைப்பார்கள், சும்மா, "வீட்டுல தனியா இருக்க பயமா இருக்குமா கண்ணு?" என்று கேட்டால் போதும், அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிடும்.

காலையில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வக்கீல் மேடம் போன வாரமே விரலை ஆட்டி எச்சரித்தார், "ஜெசிந்தா, பிள்ளைக்கு எதையும் சொல்லிக் குடுத்துடாதீங்க, ஜட்ஜ் அம்மா இந்த மாதிரி ஆயிரம் பிள்ளைகளைப் பாத்தவங்க, ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க" என்று. நான் சொல்லிக் கொடுக்கவில்லையே. அப்பாவைப் பிடிக்காது என்று சொல், அம்மாவோடுதான் இருப்பேன் என்று சொல், அப்படியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் ஸ்கூட்டி நின்றது, தொண்ணூறு செகண்டு, வெயில் அந்த நேரத்துக்கே ஹெல்மெட்டுக்குள் கொதித்தது, எனக்குப் பின்னால் ஷெரின் இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பாமலே சொன்னேன், "ஜட்ஜ் அம்மா என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லணும், சரியா? அது மட்டும் வேண்டாம்." எது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முதுகில் அவள் நெற்றி மேலும் கீழுமாக ஒரு தடவை உரசியது, சரி என்கிறாள், அந்த உரசல் இன்னும் என் முதுகில் அதே இடத்தில் இருக்கிறது, ஜாக்கெட் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு. உண்மையைச் சொல்லணும், அது மட்டும் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கு இது விளங்கும். அவள் உள்ளே போய், "அம்மா ஒண்ணை மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று ஆரம்பித்தால்? அது நடந்ததைவிடக் கேவலம். நடந்தது ஒரு நாள் தப்பு. இது, இன்றைக்குக் காலையில், நிதானமாக, சிக்னலில் நின்றுகொண்டு. ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்ப்பார், எழுதுவார், அந்தப் பேனா போகிற போக்கு எனக்குக் கேட்கிறது, இல்லை, மேலே ஃபேன், ஃபேன்தான் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கரக் என்று உரசுகிறது.

வராந்தாவின் அந்தக் கோடியில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சகாயராஜ் நிற்கிறார். என் புருஷன்தான், தீர்ப்பு வரும்வரை. உட்கார இடமிருந்தும் நிற்கிறார். கையில் ஒரு துணிப்பை, ஷெரினுக்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறார். அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, வெளியில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள், துவாக்குடியில் அவரோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், அதனால்தான் விவாகரத்து மனுவில் என்ன எழுதுவது என்று வக்கீல் மேடத்துக்கே தெரியவில்லை. "பேச மாட்டார்" என்று சொன்னேன். "அதுக்கு?" என்றார். எட்டு மாதம், மேடம், ஒரே வீட்டில், ஒரு வார்த்தை கிடையாது. நான் திரும்ப வேலைக்குப் போனதில் ஆரம்பித்தது. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அவர் போடவில்லை, நிறுத்திவிட்டார், குழாயை மூடுகிற மாதிரி மூடிவிட்டார். சிலிண்டர் தீர்ந்தால் காலண்டரில் எழுதுவார். நான் அடுப்படியில் நிற்கும்போது ஹாலில் உட்கார்ந்து, "ஷெரின், அம்மாகிட்ட சாப்பாடு போடச் சொல்லு" என்பார், ஷெரின் நாலு அடி நடந்து வந்து, "அம்மா, அப்பா சாப்பாடு போடச் சொன்னாங்க" என்பாள், நான், "ரசம் மட்டும்தான் இருக்குன்னு சொல்லு" என்பேன், அவள் திரும்ப நாலு அடி. நானும் செய்தேன்தானே. அவரை மட்டும் சொல்ல முடியாது. அப்போது அவளுக்கு ஏழு வயது. இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே, எங்கள் கோபத்தில் ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்துக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். அங்கே வாங்குவதில் எதை இங்கே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது அவளுக்கு. ஒரு நாள் அவர் ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள், "என்னடி சொன்னாங்க?" என்றேன், "ஒண்ணுமில்ல" என்றாள். ஏழு வயது முகத்தில் அந்த ஒண்ணுமில்லை. நான் அதற்காகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையும்தான். இப்போது அவர் பிள்ளையைத் தன்னிடம் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி, வேலைக்குச் செல்லும் தாயால் பெண் குழந்தையைத் தக்க பாதுகாப்புடன் பராமரிக்க இயலாது. வக்கீல் மேடம் படித்துக்காட்டியபோது சிரித்தேன். அது ஜனவரி. வியாழக்கிழமை பிப்ரவரியில்.

எத்தனை வேலைக்குப் போகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். யாரும் பிள்ளையை வைத்துப் பூட்டிவிட்டுப் போவதில்லையா. போயிருப்பார்கள். போயிருக்க வேண்டும். அன்றைக்கு ஷெரினுக்குக் காய்ச்சல், நூற்றியொன்று, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. லேப்பில் காலை ஏழு மணி டியூட்டி, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நிற்பார்கள், அந்த மாதத்தில் ஏற்கெனவே மூன்று நாள் லீவு போட்டாயிற்று, இன்னொரு நாள் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்கள். கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் அக்கா இருக்கிறார், கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் நாலு பேரிடம் சொல்வார், நாங்கள் இருக்கிற பீமநகரிலிருந்து துவாக்குடிக்கு அந்தச் சொல் எப்படியும் போய்ச் சேரும். சகாயராஜுக்கே போன் செய்திருக்கலாம், வந்திருப்பார், உடனே வந்திருப்பார், அதுதான் பயம். வந்து, ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அடுத்த வாய்தாவில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்ப்பார். அதனால் மாத்திரை கொடுத்து, பிளாஸ்கில் பால் ஊற்றி வைத்து, பிரெட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, "பத்து மணிக்கு வந்துடுவேன், ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா அம்மா வந்திருப்பேன்" என்றேன். வெளியே பூட்டினேன். பூட்டு விழுகிற சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று கையால் பொத்திக்கொண்டு பூட்டினேன். பத்து மணிக்கு என்னை மாற்ற வர வேண்டிய பெண் வரவில்லை. பதினொன்றுக்கு வருவாள் என்றார்கள். பன்னிரண்டுக்கு வருவாள் என்றார்கள். நான் ஒவ்வொரு கையாகப் பிடித்து, நரம்பைத் தட்டித் தட்டி, ஊசியை இறக்கிக்கொண்டிருந்தேன், ஒரு குழந்தை கத்தியது, அதன் அம்மா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்றாள், எனக்குக் கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால். கை நடுங்கவே இல்லை. நான் திரும்பி வந்தது இரண்டே முக்காலுக்கு. வந்து கதவைத் திறந்ததும்... வேண்டாம். இங்கே வேண்டாம். அதை இங்கே உட்கார்ந்து நினைத்தால் முகத்தில் தெரிந்துவிடும், அவர் அங்கிருந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிடச் சின்னவள், மடியில் கைக்குழந்தை, அவளிடம் மஞ்சள் பவுடர் வாசனையும் பால் வாசனையும் கலந்து வருகிறது. "உங்க பிள்ளைதான் உள்ள போயிருக்கா அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்னென்ன கேப்பாங்க?" தெரியல என்றேன். "இதுக்கு இப்பதான் ஏழு மாசம்" என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னாள், "இதுகிட்ட ஒண்ணும் கேக்க முடியாதுல்ல, அந்த மட்டும் நல்லது." எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. பேசாத பிள்ளை. அது வரம்தான். இல்லை, என்ன நினைப்பு இது. மணி பதினொன்று ஐம்பது. அரை மணி நேரம் ஆகிவிட்டது, அரை மணி நேரமாக என்ன பேசுவார்கள், அவ்வளவு பேச்சு ஷெரினிடம் இருக்கிறதா என்ன. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதலில் இருந்து, காய்ச்சல், பிளாஸ்க், பூட்டு. மார்ச் மாதம் அவளுக்குப் புதுநன்மை வகுப்பு, முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கான வகுப்பு, நடந்தது, கோயிலில் சிஸ்டர் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்திருந்தார், ஒரு தாளில் பென்சிலால் பாவங்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஷெரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, நீ சொல்லக் கூடாதுன்னு சொன்னேல்ல, அதை ஃபாதர்கிட்ட சொல்லலாமா?" என்றாள். தேங்காய்ச் சில்லுகளை மிக்ஸியில் போட்டுக்கொண்டிருந்தேன். "அது உன் பாவம் இல்லையே, நீ எதுக்குச் சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ யாரோட பாவம்?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். சட்னி கூழாகிற வரைக்கும் ஓடவிட்டேன். நிறுத்தியபோது அவள் தாளை மடித்துவைத்துவிட்டுப் போயிருந்தாள். கோயிலில் என்ன சொன்னாளோ தெரியாது. ஃபாதரை மூன்று ஞாயிறு நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தேன்.

டவாலி அண்ணன் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். கதவு திறந்த அந்த ஒரு விநாடிக்குள் எதையாவது பிடித்துவிட வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், ஷெரின் குரல் வரவில்லை, ஜட்ஜ் அம்மா குரல்தான், "...பரவாயில்ல கண்ணு, இதாவது சொல்லு, உனக்குப் பிடிச்ச கலர் என்ன?" என்று. அரை மணி நேரம் கழித்துப் பிடித்த கலரா. டவாலி அண்ணன் வெளியே வந்ததும் எழுந்துபோய், "அண்ணே, இன்னும் நேரமாகுமா?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாப்பா வாயே தொறக்கலம்மா. பேரைக் கேட்டாக்கூட சும்மா பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கு. ஜட்ஜ் அம்மா மிட்டாய் குடுத்தாங்க, அதையும் வாங்கல. தண்ணி குடுத்தேன், உதட்டை இறுக்கி மூடிக்கிச்சு." சொல்லிவிட்டு, "எப்பவுமே இப்படித்தானா?" என்றார். இல்லை. இல்லவே இல்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. கடவுளே, அதை மறைக்க மாட்டேன், அரைக்கால் விநாடி, மூச்சு விட்டேன், சொல்லவில்லை, அவள் சொல்லவில்லை. பிறகு வராந்தா முழுக்க வெயில் அணைந்த மாதிரி ஆகிவிட்டது. அது மட்டும் வேண்டாம் என்றேன், எது அது என்று எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, பேரைச் சொன்னால் அடுத்து வீடு, வீட்டைச் சொன்னால் அடுத்து அம்மா, அம்மாவைச் சொன்னால் அடுத்து அதுவாகிவிடுமே, அதனால் முதல் வார்த்தையிலேயே மூடிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கக்கூட வாயைத் திறக்கவில்லை. இதே மாதிரிதான். இதே மாதிரிதான் அன்றைக்கும். இரண்டே முக்காலுக்குப் பூட்டைத் திறந்ததும் கேஸ் வாடை முகத்தில் அடித்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது, பிளாஸ்கில் தீர்ந்ததும் பசிக்குத் தானே வைத்திருக்கிறாள், வைத்துவிட்டுக் காய்ச்சலில் கண் அசந்திருக்கிறாள், பால் பொங்கித் தீ அணைந்து கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. தானாகவே முழித்துத் தானாகவே மூடியிருக்கிறாள். ஜன்னலைத் திறந்து இரண்டு கம்பிக்கு நடுவில் மூக்கையும் வாயையும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கம்பி பதிந்திருந்தது, நெஞ்சு பறவை மாதிரி அடித்தது. கீழே, ஜன்னலுக்கு நேர் கீழே, பத்தடியில், ஓனர் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். ஷெரினும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். "ஏன்டி கூப்பிடல, ஏன்டி கத்தல?" என்று உலுக்கினேன். "நீதான் நான் தனியா இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னே" என்றாள். அறைந்தேன். பயத்தில் அறைந்தேன், ஆனால் அறைந்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன், அப்புறம், அழுது முடித்துவிட்டு, "இதை அப்பாகிட்ட சொல்லாத" என்றேன்.

இவள் சொல்லிவிடுவாள் என்று இத்தனை நேரம் பயந்தேன். சொல்லவே மாட்டாள் என்பதுதான் பயப்பட வேண்டியது. நான் சொல்லாதே என்றால் கேஸ் வாடையில் மூச்சு முட்டினாலும் சொல்ல மாட்டாள். நாளைக்கு எவனாவது ஒருத்தன், ஆட்டோவிலோ டியூஷனிலோ, "யாருக்கும் சொல்லாத பாப்பா" என்றால் நெற்றியை மேலும் கீழும் ஆட்டிவிட்டு உதட்டை மூடிக்கொள்வாள், நான் பழக்கிவிட்டேன், நானும் சகாயராஜும் சேர்ந்து. என் கால் எழுந்துவிட்டது. நான் எழவில்லை, கால்தான். கைக்குழந்தைக்காரி, "அக்கா?" என்றாள். சகாயராஜ் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். டவாலி அண்ணன் குறுக்கே கையை நீட்டி, "கூப்பிடாம உள்ள போகக் கூடாதும்மா" என்றார். "அண்ணே, பாப்பா ஏன் பேசலன்னு எனக்குத் தெரியும்னு ஜட்ஜ் அம்மாகிட்ட சொல்லுங்க." அவர் என்னைப் பார்த்தார். "உங்க வக்கீல் வரட்டுமே." வக்கீல் மேடம் வந்தால் சொல்ல விட மாட்டார். அது எனக்குத் தெரியும். மாடிப்படியைப் பார்த்தேன், யாரும் இறங்கவில்லை, இப்போது இறங்கினால் நான் நின்றுவிடுவேன், சத்தியமாக நின்றுவிடுவேன், பிள்ளை என் கையைவிட்டுப் போய்விடும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இப்பவே சொல்லுங்கண்ணே, தயவுசெஞ்சு" என்றேன். அவர் உள்ளே போனார். வந்தார். "வாங்க."

உள்ளே குளிர்ந்திருந்தது. பெரிய மேசை, அதன் இந்தப் பக்கம் பெரிய நாற்காலி ஒன்றில் ஷெரின், கால் தரைக்கு எட்டவில்லை, முன்னால் வெள்ளைத் தாள், கிரேயான் டப்பா, ஒன்றையும் தொடவில்லை. உதடு ஒரு கோடாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் வந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், நான் சொல்லலம்மா, சத்தியமா ஒண்ணும் சொல்லல, என்றது அந்தக் கண். ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. "உங்க வக்கீல் இல்லாம பேசறீங்க, தெரியுதாம்மா?" என்றார். தெரியும் என்றேன். அவரிடம் சொல்லத்தான் வந்தேன், ஆனால் மேசையைப் பார்த்துப் பேச வாய் வரவில்லை, நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு ஷெரின் உயரத்துக்கு வந்தேன். "ஷெரின், நான் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல, அதை நானே இப்ப சொல்லப் போறேன். நீ கேட்டுக்க. தப்பா சொன்னா திருத்து." சொன்னேன். காய்ச்சலில் இருந்து, பூட்டைக் கையால் பொத்தியதில் இருந்து, அறைந்தது வரைக்கும், இன்றைக்குக் காலையில் சிக்னலில் சொன்னதையும். நடுவில் ஜட்ஜ் அம்மா சைகை காட்டி சகாயராஜையும் உள்ளே வரச்சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரியாது, கேஸ் வாடை என்று நான் சொன்னபோது பின்னால் பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. முடித்தேன். இப்போது சகாயராஜ் ஆரம்பிப்பார் என்று கழுத்தைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, வந்து நாற்காலிக்கு அந்தப் பக்கம் குனிந்து, "வாடை வந்ததும் நீ என்னம்மா செஞ்சே?" என்றார். ஷெரின் என்னைப் பார்த்தாள். "சொல்லு" என்றேன். "மூடினேன்" என்றாள். பாதி காற்றாக வந்தது குரல். "எந்தப் பக்கம் திருப்பினா மூடும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" "அம்மா." அவர் தலையாட்டினார். அப்புறம், இரண்டு வருஷத்துக்கு அப்புறம், என்னைப் பார்த்து நேராக, "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, ஜெசி" என்றார். பண்ணியிருக்கலாம்தான். ஆனால் எந்த வாயால் பண்ணுவது, எட்டு மாதம் நீங்கள் மூடிவைத்த வீட்டில் எனக்கு அந்த வழி தூர்ந்துபோய்விட்டதே என்று சொல்ல நினைத்தேன், "ஆமா" என்று மட்டும் வந்தது.

அதற்குள் இரண்டு வக்கீல்களும் ஓடி வந்துவிட்டார்கள். வக்கீல் மேடம் என் முழங்கையைக் கிள்ளுகிற மாதிரிப் பிடித்து, "என்ன காரியம் பண்ணீங்க" என்று காதுக்குள் சீறினார். ஜட்ஜ் அம்மா நீளமாக ஒன்றும் பேசவில்லை. கோடை விடுமுறை முடியும்வரை பிள்ளை அப்பாவிடம், சனியும் ஞாயிறும் அம்மாவிடம், வாரத்தில் ஒரு நாள் மூன்று பேரும் கவுன்சிலிங்குக்கு, ஜூனில் மறுபடி பார்க்கலாம், சம்மதமா என்றார். எதிர்க்கலாம், கட்டாயம் எதிர்க்கலாம் என்றார் வக்கீல் மேடம். ஏழு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள், முப்பத்தைந்து நாள் அவள் படுக்கை காலியாகக் கிடக்கும். ஜூனில் திரும்பக் கொடுப்பார்கள் என்று யார் சொன்னது, இப்படித்தான் ஆரம்பிக்கும், ஒரு விடுமுறை, அப்புறம் ஒரு வருஷம், அப்புறம் பிள்ளைக்குப் பழகிவிட்டது என்பார்கள். சம்மதம் என்றேன். "இன்னொண்ணு" என்றார் ஜட்ஜ் அம்மா, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தருக்கொருத்தர் சொல்ல வேண்டியதை நீங்களே நேரா சொல்லிக்கணும். பிள்ளைகிட்ட குடுத்து அனுப்பக் கூடாது." வெளியே வந்தோம். வராந்தாவில் அதே ஃபேன், அதே கரக். அவர் ஷெரினுக்காக வாங்கி வந்த பையைத் தூசி தட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார், கூப்பிடவில்லை, காத்திருந்தார். நான் அவள் சடையை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடலாமா என்று கையை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள். பலமாகத் தட்டினாள். "பத்து மணின்னு சொன்னே!" என்றாள். என்ன என்றேன். "பத்து மணிக்கு வந்துடுவேன்னு சொன்னே! வரல!" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், கைக்குழந்தை முழித்து அழ ஆரம்பித்தது. "பதினொண்ணுக்கும் வரல! நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்!" கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, இவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இரண்டு கையையும் முட்டியாக்கி என் வயிற்றில் குத்தினாள். "பன்னெண்டுக்கும் வரல!" டவாலி அண்ணன் ஓடிவந்து, "பாப்பா, இது கோர்ட்டு, சத்தம் போடக் கூடாது" என்றார். "விடுங்கண்ணே" என்றேன், "கத்தட்டும்." சகாயராஜ் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். "ஒரு மணிக்கும் வரல!" என்று கத்தினாள் ஷெரின். ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் போகாமல் நிற்கப் பார்த்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் கணக்கில், நான் வந்த இரண்டே முக்கால் ஆக இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.